விதை இருந்த வீடுகள்

விதை என்ற சொல்லைக் கேட்டதும் இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் தமிழர் பெரும்பாலோருக்கு வண்ணப்படம் அச்சிட்ட சிறிய உறைதான் நினைவுக்கு வரும். ஆனால் ரப்பர்த் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் குடும்பங்களுக்கென வரிசையாகக் கட்டப்பட்ட தொடர்வீடுகளில், பிறந்து வளர்ந்தவர்களுக்கு அச்சொல்லோடு சேர்ந்து வருவது விறகுச் சாம்பலின் வாசனை. அடுப்படிப் பலகையின் மேல் மூடி இறுகிய மைலோ டின் ஒன்று இருக்கும். அதைத் திறந்தால் சலித்த சாம்பலும், அச்சாம்பலுக்குள் விரலைவிட்டுத் துழாவினால் பழைய சேலைத் துண்டில் முடிச்சு முடிச்சாகக் கட்டிய பாகல், புடலை, பீர்க்கு, வெண்டை விதைகளும் கிடைக்கும். எந்த முடிச்சில் எந்த விதை என்று எழுதி வைத்தவர் எவருமில்லை. துணியின் நிறத்தைக் கொண்டும், விரலால் நெருடிப் பார்த்தும் வீட்டு மூதாட்டிகள் அதனை அறிந்திருந்தனர்.

தோட்டப்புற வாழ்க்கையில் காய்கறி பயிரிடுவது பொழுதுபோக்காக இருந்ததில்லை. சம்பள நாளன்று கையில் வாங்கியதில் பெரும்பகுதி கடைக்காரரின் கடன் கணக்கை அடைக்கவே போய்விட, அரிசியும் பருப்பும் கருவாடும் எண்ணெயும் கடனில் வாங்கிய குடும்பங்கள் காய்கறிக்காவது கடையை நம்பாமல் இருக்க முடிந்ததற்குக் காரணம், லயத்தின் பின்புறம் இருந்த துண்டு நிலமே. கூட்டாட்சி மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பத்தோடு வாழும் இந்தியத் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் பதினாறில் ஒரு பங்கு ஏக்கர், அதாவது ஏறத்தாழ 2,700 சதுர அடி நிலம், பயிரிடுவதற்காக ஒதுக்கப்பட வேண்டும் என்று விதித்தது. எல்லாத் தோட்டங்களிலும் அவ்வளவு நிலம் கைக்குக் கிடைத்ததென்று கொள்ள இயலாது. கிடைத்த இடங்களிலும் சட்டம் நிலத்தைச் சொன்னதேயன்றி விதை எங்கிருந்து வரும் என்பதைச் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு விடை கண்டவர்கள் தோட்டத்துப் பெண்கள்.

முதல் விதை கப்பலில் வந்தது. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் மலாயாவுக்கு ஆளேற்றி வந்த ரஜூலா போன்ற கப்பல்களில், தகரப் பெட்டியின் அடியில் மடித்த துணிக்குள்ளும் சேலைத் தலைப்பின் முடிச்சிலும் ஊர் விதைகள் பயணம் செய்தன. இவ்வாறு வந்தவற்றுக்குப் பதிவேடு கிடையாது. இதே மண்ணில் வந்திறங்கிய வேறொரு விதையின் வரலாறோ ஒவ்வோர் எண்ணோடும் எழுதப்பட்டிருக்கிறது. 1876-இல் ஹென்றி விக்ஹம் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தாவரத் தோட்டத்துக்குக் கொண்டுசேர்த்த ரப்பர் விதைகள் ஏறத்தாழ 70,000. அவற்றில் முளைத்தவை நூற்றுக்கு நான்கு அளவே. அந்த வழியில் வந்த 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூரை அடைந்தன. தமிழரைப் பல்லாயிரக்கணக்கில் மலாயாவுக்கு இழுத்த தொழில் அந்தக் கன்றுகளிலிருந்து வளர்ந்தது. தொழிலை உண்டாக்கிய விதையின் கணக்கு நூலகங்களில் இருக்க, தொழிலாளியின் வயிற்றை நிறைத்த விதையின் கணக்கு ஒருவரிடமும் இல்லாமற் போனது பெருங்குறை.

ரப்பர் விதைகளில் பெரும்பகுதி முளைக்காமல் போனதற்குரிய காரணம் வீட்டுத் தோட்டத்துக்கும் பொருந்துவதாகும். விதைகளில் இருவகை உண்டு. நெல், பயறு, வெண்டை, பாகல் போன்றவை ஈரம் நீங்கக் காய்ந்த பின்னரும் உறங்கும் உயிரோடு இருப்பவை. அவற்றை ஆண்டுக்கணக்கில் சேமிக்கலாம். ரப்பர், கறிவேப்பிலை, பலா போன்றவற்றின் விதைகளோ காய்ந்தால் மடிந்துவிடும். பழுத்த சில வாரங்களுக்குள் மண்ணில் விழுந்தாக வேண்டும். இதனால்தான் மைலோ டின்னில் கறிவேப்பிலை விதை ஒருநாளும் இருந்ததில்லை. லயத்து வேலியோரம் கருநீலப் பழங்களைத் தின்ற பறவைகள் எச்சமிட்ட இடத்தில் கன்று முளைக்கும். அல்லது தாய்மரத்தின் வேரிலிருந்து கிளைத்த கன்றை மண்ணோடு பெயர்த்து எடுப்பார்கள். முருங்கைக்கு விதையும் உண்டு, போத்தும் உண்டு. போத்து என்பது கையளவு பருமனுள்ள கிளையை வெட்டி நடுவது. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் இரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் முருங்கை வேண்டும் என்று கேட்டவருக்கு விதையைக் கொடுக்காமல் போத்தையே வெட்டிக் கொடுத்தமை அறிவுடைய செயல். ஏனெனில் விதையிலிருந்து வரும் மரம் தாய்மரத்தைப் போலவே காய்க்கும் என்பதற்கு உறுதியில்லை, போத்திலிருந்து வரும் மரமோ தாய்மரமேதான்.

விதைக்கென்று காய் விடுவது தனியொரு பண்பாடாக இருந்தது. கிள்ளானை அடுத்த தோட்டமொன்றில் இக்கட்டுரையாசிரியர் வளர்ந்த லயத்தில், பீர்க்கங்கொடியில் முதலில் திரண்ட நல்ல காய்களில் ஒன்றைத் தேர்ந்து, அதன் காம்பில் கிழிந்த சேலையின் சிவப்புக் கரையைக் கட்டிவிடுவார்கள். அந்தத் துணியைக் கண்டால் பிள்ளைகளும் தொடமாட்டார்கள், அடுத்த வீட்டாரும் பறிக்கமாட்டார்கள். கடைசியில் எஞ்சிய சூம்பிய காயை விதைக்கு விடுவது வீட்டுக்கு ஆகாது என்பார்கள். அதன் பொருள், வலுவான கொடியின் வலுவான காயிலிருந்தே அடுத்த தலைமுறை வரவேண்டும் என்பதாகும். கட்டிய காய் முற்றி, பழுப்பாகி, உள்ளே நாராகக் காய்ந்த பிறகு இறவாணத்தில் தொங்கும். ஆட்டினால் கலகலவென ஒலிக்கும்போதுதான் விதை ஆயிற்று என்று இறக்குவார்கள். பாகல் பழுத்து ஆரஞ்சு நிறமாகி வெடித்ததும் விதையைப் போர்த்திய சிவந்த சதையைச் சாம்பலில் புரட்டித் தேய்த்துக் கழுவுவார்கள். கத்தரிப்பழத்தைத் தண்ணீரில் பிசைந்து, மிதப்பதைக் கொட்டிவிட்டு அடியில் தங்கியதை எடுப்பார்கள். மாடு வளர்த்த வீடுகளில் பூசணி, சுரை விதைகளைச் சாணத்தில் பதித்துச் சுவரில் அப்பி வைக்கும் ஊர்ப்பழக்கமும் தொடர்ந்தது.

சாம்பல் வெறும் பழக்கம் அன்று. கோலாலம்பூரின் காற்றில் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருப்பதால், வெயிலில் காய்ந்த விதை மாலைக்குள் மீண்டும் ஈரத்தை உறிஞ்சத் தொடங்கிவிடும். விதையின் ஈரம் ஒரு விழுக்காடு குறையும்தோறும் அதன் ஆயுள் இருமடங்காகும் என்பது விதையியலாளர் ஹாரிங்டன் வகுத்த பொதுவிதி. சலித்த உலர் சாம்பல் ஈரத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது; வண்டு நடமாடவும் முட்டையிடவும் இயலாதபடி இண்டு இடுக்குகளை அடைத்துவிடுகிறது. பால்மரம் வெட்டிய குடும்பங்களின் அடுப்பில் எரிந்தது பெரும்பாலும் பட்டுப்போன ரப்பர் விறகே. அதன் சாம்பலே விதையையும் காத்தது. எரிவாயு அடுப்பு வந்த பிறகு சாம்பல் போயிற்று. வெறுஞ்சட்டியில் வறுத்து ஆறவைத்த அரிசியை ஒரு பிடி துணியில் கட்டி, விதையோடு சேர்த்துப் போத்தலில் இறுக மூடி வைத்தால் அதே வேலையைச் செய்யும். சாம்பல் கிடைக்காத இக்காலத்துக்கு இது நல்ல மாற்று.

லயத்துப் பெண்கள் அறியாமலேயே அவர்களுக்கு வாய்த்த இன்னொரு நன்மையும் உண்டு. பீர்க்கு, சுரை, பூசணி போன்ற கொடிகள் அயல் மகரந்தத்தால் கருவுறுபவை; அதாவது பூச்சிகள் ஆண்பூவின் பூந்தாதைப் பெண்பூவுக்குக் கொண்டுவந்து சேர்த்தால்தான் காய் பிடிக்கும்; அந்தப் பூந்தாது வேறொரு கொடியினுடையதாகவும் இருக்கலாம். அருகில் வேறு வகை வளர்ந்தால் விதை கலப்படமாகிவிடும் என்பதால், விதைக்கென்று வளர்க்கும் வயலை மற்ற வயல்களிலிருந்து அரைக் கிலோமீட்டர் முதல் ஒரு கிலோமீட்டர் வரை விலக்கி வைப்பது முறை. இன்றைய புத்ராஜெயா எழுந்துள்ள நிலத்தில் இருந்த பெராங் பெசார் தோட்டம், தேர்ந்த ரப்பர் விதைகளுக்காக உலகெங்கும் பெயர் பெற்றிருந்தது. கலப்பைத் தடுக்கவே அங்கே தனித்த விதைத் தோட்டங்களை அமைத்திருந்தார்கள். அத்தகைய ஏற்பாடு எதுவுமின்றியே லயத்துப் பீர்க்கும் சுரையும் தூய்மையாக நின்றன. சுற்றிலும் மைல் கணக்கில் ரப்பர்க் காடு மட்டுமே இருந்தமையால், ஒரு லயத்தின் விதை மற்றொரு லயத்தின் விதையோடு கலக்க வழியில்லை. ஒவ்வொரு தோட்டத்துக்கும் தனக்கென ஒரு பீர்க்கு, தனக்கென ஒரு பாகல் இருந்ததற்கு அதுவே காரணம்.

இதனால் பெண்கள் பிறந்த தோட்டத்திலிருந்து புகுந்த தோட்டத்துக்குப் போகும்போது விதையும் கூடவே போயிற்று. கேட்டுவரும் பிள்ளைகளிடம், "சும்மா வாங்கிட்டுப் போகாத தம்பி, அஞ்சு காசு வச்சிட்டுப் போ, அப்பத்தான் மொளைக்கும்" என்று சொல்லும் பாட்டிகள் இருந்தார்கள். அந்த ஐந்து காசு விலையன்று. வாங்கியவர் அதை மறந்துவிடாமல் நட வேண்டும் என்பதற்கான கட்டு. விளைந்த பின் முதல் காயில் ஒன்று கொடுத்தவர் வீட்டுக்கு வரும். ஒரு வீட்டில் விதை அழிந்து போனாலும் அடுத்த வீட்டில் அதே விதை இருக்கும் என்னும் உறுதி இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் அடங்கியிருந்தது.

ஆடிப்பட்டம் தேடி விதை என்னும் பழமொழியையும் அவர்கள் உடன் கொண்டு வந்திருந்தார்கள். ஆயினும் தென்மேற்குப் பருவமழையையும் அதன்பின் வரும் வடகிழக்குப் பருவமழையையும் எண்ணிச் சொன்ன அந்தப் பட்டம் கிள்ளான் வட்டாரத்தில் பொருந்தவில்லை. இங்கே ஆடியை ஒட்டிய வாரங்கள் ஆண்டில் மழை குறைந்தவை, பெருமழையோ பருவங்கள் மாறும் பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் கொட்டுவது. சில ஆண்டுகள் தண்ணீர் சுமந்தும், சில ஆண்டுகள் நாற்று அழுகியும் பாடம் கற்று, இவ்வூருக்கான பட்டத்தைத் தாங்களே அமைத்துக்கொண்டார்கள். பல தலைமுறைகளாக இந்த மழையிலும் இந்தச் செம்மண்ணிலும் நின்று காய்த்த கொடியின் விதை, ஊரிலிருந்து வந்த விதையாக இருக்கவில்லை. அது கிள்ளானின் விதையாகிவிட்டிருந்தது.

இந்த அறிவின் அருமை போர்க்காலத்தில் வெளிப்பட்டது. கோலாலம்பூர் 1942 ஜனவரியில் ஜப்பானியர் கைக்குப் போனதும், அரிசியின் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வாங்கி உண்ட மலாயா பட்டினியில் விழுந்தது. ஆண்கள் சயாம் மரண இரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட, லயங்களில் எஞ்சிய பெண்கள் மரவள்ளியையும் சர்க்கரைவள்ளியையும் கேழ்வரகையும் பயிரிட்டுப் பிள்ளைகளைக் காத்தனர். மரவள்ளிக் குச்சியும் வள்ளிக்கொடியும் விதையின்றியே நடக்கூடியவை. ஒரு வீட்டில் இருந்தால் லயம் முழுவதற்கும் பரவிவிடும். அக்காலத்தைக் கண்டவர்கள் பிற்காலத்தில் மரவள்ளியை விரும்பி உண்ணாவிட்டாலும், வேலியோரம் நான்கு குச்சியாவது நட்டு வைக்காமல் இருந்ததில்லை. 1974-இல் துன் அப்துல் ரசாக் தொடங்கிய பசுமைப் புத்தகத் திட்டம், விலைவாசி உயர்வை எதிர்க்க வீட்டுக்கு வீடு காய்கறி நடச் சொன்னபோது, தோட்டப்புறத்துக்கு அது புதிய செய்தியாக இருக்கவில்லை.

பின்னர் தோட்டங்கள் மறைந்தன. சீஃபீல்டு தோட்டம் சுபாங் ஜெயாவாயிற்று, சுங்கை ரெங்கம் ஷா ஆலமாயிற்று, பெராங் பெசார் 1990-களில் புத்ராஜெயாவாயிற்று. லயங்களில் வாழ்ந்தோர் அடுக்கு வீடுகளுக்கும் மலிவு விலைத் தாமான்களுக்கும் குடிபெயர்ந்தனர். இழப்பீடு, பள்ளி, கோயில் ஆகியவை பற்றிப் போராட்டங்கள் நடந்தன, எழுதப்பட்டன. விதை பற்றி ஒருவரும் எழுதவில்லை. ஐந்தாம் மாடியில் குடியேறிய பாட்டியின் மைலோ டின் இரண்டு மூன்று ஆண்டுகள் அலமாரியில் இருந்திருக்கும். நடாமல் வைத்த விதை வெப்பநாட்டில் அதற்கு மேல் தாங்காது. ஒரு தோட்டம் மூடப்பட்ட மூன்றாண்டுக்குள் அதன் பீர்க்கும் முடிந்துபோனது என்பதே பெரும்பாலான இடங்களின் கதை.

இன்று சொந்தமாக விளைவித்து உண்ண விரும்புவோர் விதையைத் தேடிச் செல்லும் இடங்கள் வேறு. கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் உள்ள மளிகைக் கடைகள் அவற்றில் முதன்மையானவை என்பதைப் பலர் உணர்வதில்லை. அங்கே வெந்தயமும் கடுகும் பச்சைப்பயறும் முழுக் கொத்தமல்லியும் சமையலுக்காக விற்கப்பட்டாலும் அவை விதைகளே. கொத்தமல்லியை மட்டும் இரண்டாகப் பிளக்கும்படி தேய்த்துவிட்டு விதைக்க வேண்டும். திருமணத்துக்கும் புதுமனைப் புகுவிழாவுக்கும் விற்கும் நவதானியப் பொட்டலம் இன்னும் சிறந்தது. அதில் மொச்சை, துவரை, உளுந்து, கொள்ளு, எள் எல்லாம் தோல் நீக்காமல் முழுதாக இருக்கும். மணமேடையில் பாலிகை தெளிப்பதும் மாரியம்மன் திருவிழாவில் முளைப்பாரி வளர்ப்பதும் சடங்குகளாகவே இன்று பார்க்கப்படுகின்றன. எந்த வீட்டு விதை நன்றாக முளைக்கிறது என்று ஊரே பார்த்துத் தெரிந்துகொண்ட முளைப்புச் சோதனையாகவும் அவை விளங்கின எனக் கருத இடமுண்டு. கடையில் வாங்கியதை நம்பி நிலம் முழுதும் விதைக்காமல், பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்து எத்தனை முளைக்கின்றன என்று பார்ப்பது நலம். ஐந்துக்குக் குறைந்தால் அந்தப் பொட்டலம் சமையலுக்கே ஏற்றது. சந்தையில் கட்டாக விற்கும் பொன்னாங்கண்ணி, வல்லாரை, கங்கோங் ஆகியவற்றின் தண்டுகளோ இலையைக் கிள்ளியபின் கணுவோடு ஊன்றினால் வேர்விடும்.

நாற்றும் விதை உறையும் தேடுவோர் பெரிதும் செல்வது சுங்கை பூலோவுக்கு. 1930-இல் அங்கே தொழுநோயாளருக்கென அமைந்த குடியிருப்பில், ஊரால் ஒதுக்கப்பட்டு வாழ்ந்தவர்கள் பிழைப்புக்காகப் பூச்செடிகளையும் நாற்றுகளையும் வளர்த்து விற்றார்கள். அதுவே பெருகி நாட்டின் பெயர்பெற்ற நாற்றங்கால் வட்டாரமாக வளர்ந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கின் எத்தனையோ வீட்டு முற்றங்களைப் பசுமையாக்கியவர்கள், அந்த வீடுகளுக்குள் ஒரு காலத்தில் அனுமதிக்கப்படாதவர்கள் என்பதை வாங்குவோர் அறிந்திருக்க வேண்டும்.

உறையில் வரும் விதையை வாங்கும்போது கவனிக்க வேண்டியது, அதில் எஃப்1 என்று அச்சிட்டிருக்கிறதா என்பதே. எஃப்1 என்பது வெவ்வேறு குணமுள்ள இரு தூய வரிசைகளைக் கலந்து பெறும் முதல் தலைமுறை வீரிய ஒட்டு விதை. அது சீராகவும் மிகுதியாகவும் காய்க்கும், ஆனால் அதன் காயிலிருந்து எடுத்த விதையை மறுமுறை நட்டால் குணங்கள் பிரிந்து, ஒரு செடி போல மறுசெடி இராது. வெள்ளரி, தக்காளி, மிளகாய் உறைகளில் பல இவ்வகையைச் சேர்ந்தவை. ஒரு பருவத்துக்கு இது குற்றமில்லை. ஆண்டுதோறும் கடையை நாடாமல் வாழ எண்ணுவோருக்குத் திறந்த மகரந்தச் சேர்க்கையில் வந்த நாட்டு விதையே ஏற்றது. இளஞ்சிவப்பு, நீலம் போன்ற நிறம் பூசிய விதைகள் மருந்து ஏற்றப்பட்டவை. அவற்றை உண்ணவோ கோழிக்குப் போடவோ கூடாது.

தமிழ்நாட்டுக்குப் போய்த் திரும்புவோர் அங்குள்ள விதைத் திருவிழாக்களில் வாங்கிய நாட்டு விதைகளைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவர ஆசைப்படுவது இயல்பு. இயற்கை வேளாண்மைக்காக உழைத்த நம்மாழ்வாரும் மரபு நெல்வகைகளைக் காத்த நெல் ஜெயராமனும் அங்கே எழுப்பிய விழிப்புணர்வு இந்நாட்டுத் தமிழரையும் எட்டியுள்ளது. ஆனால் மலேசியாவின் 1976-ஆம் ஆண்டுத் தாவரத் தொற்றுத்தடைச் சட்டத்தின்படி உரிமமின்றி விதையோ கன்றோ கொண்டுவருவது குற்றம். தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் இங்குள்ள ரப்பர்க் காடுகளை எட்டிவிடலாகாது என்ற அச்சம் இவ்வட்டாரத் தடைவிதிகள் இறுகியதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்த அச்சம் நியாயமானது. முந்தானை முடிச்சில் விதை கொண்டுவந்த காலம் முடிந்துவிட்டது. உள்ளூரில் எஞ்சியதைக் காப்பதே வழி.

அதற்குச் சட்டத்திலும் இடமுண்டு. 2004-ஆம் ஆண்டின் புதிய தாவர வகைகள் பாதுகாப்புச் சட்டம் வணிக நிறுவனங்களின் வகைகளுக்கு உரிமை வழங்கினாலும், சிறு விவசாயிகள் தங்கள் நிலத்தில் விதையை மீண்டும் பயன்படுத்துவதையும் தங்களுக்குள் நியாயமான அளவில் பரிமாறிக்கொள்வதையும் அனுமதிக்கிறது. 2022 நவம்பரில் மலேசியாவில் நடைமுறைக்கு வந்த பசிபிக் வட்டார வணிக ஒப்பந்தமோ யூபோவ் 1991 என்னும் கடுமையான உடன்படிக்கையில் சேரக் கோருகிறது. அதில் இத்தகைய பரிமாற்றத்துக்கு இடம் சுருங்கும் என்று பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகள் எதிர்த்து வருகின்றன. அந்த எதிர்ப்பு முற்றிலும் சரியானது. ஐந்து காசு வைத்து விதை வாங்கிய மக்களின் வழக்கத்தைக் குற்றமாக்கும் எந்த உடன்படிக்கையும் இந்நாட்டுக்குத் தேவையில்லை.

2020 மார்ச் 18-இல் கோவிட் பெருந்தொற்றுக்கான நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது கேமரன் மலையில் விளைந்த காய்கறிகள் சந்தைக்கு வர வழியின்றிக் கொட்டப்பட, கோலாலம்பூர் அடுக்கு வீடுகளில் கீரைக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அந்த வாரங்களில் மாடி முகப்புகளில் வெந்தயமும் பச்சைப்பயறும் முளைத்த காட்சி பலருக்கும் நினைவிருக்கும். பிரிக்பீல்ட்ஸிலிருந்து அதிகத் தொலைவில்லாத பங்சாரில், உயர் அழுத்த மின்கம்பிகள் செல்லும் ஒதுக்கு நிலத்தில் 2017 முதல் நிலத்தோற்றக் கலைஞர் இங் செக் சானின் முயற்சியால் வளர்ந்துள்ள கெபுன்-கெபுன் பங்சார் சமூகத் தோட்டம், நகரத்தில் நிலமே இல்லை என்பாருக்குத் தக்க விடையாக நிற்கிறது. ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்த பங்சாரில் மீண்டும் மக்கள் தமக்கென்று பயிரிடுவது மகிழ்ச்சிக்குரியது. செர்டாங்கில் மார்டி எனப்படும் வேளாண் ஆய்வு நிலையம் மரபு வித்துகளைக் குளிரறையில் காத்து வருவதும் வேண்டிய பணியே. ஆயினும் லயத்துப் பீர்க்கு அவ்விடங்களுக்குத் தானாகப் போய்ச் சேராது.

டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்கு வீடுகளிலும், கிள்ளானிலும் பந்திங்கிலும் உள்ள பழைய தோட்டக் குடியிருப்புகளிலும், வேலிக்கம்பியில் பாகற்கொடி ஏற்றி வைத்திருக்கும் பாட்டிகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் பலர் எண்பதை நெருங்குகிறவர்கள். இளைஞர் மன்றங்களும் தமிழ்ப்பள்ளிகளும் கோயில் நிருவாகங்களும் அவர்களைத் தேடிச் சென்று, எந்தத் தோட்டத்திலிருந்து வந்த விதை, எப்போது நடுவது, எப்படிக் காய வைப்பது என்பவற்றை அவர்கள் சொன்னபடியே எழுதிவைத்து, ஒரு பிடி விதையையும் கேட்டு வாங்கி மூன்று நான்கு வீடுகளிலாவது உடனே நட வேண்டும். அடுத்த தைப்பூசத்துக்கு முன்னரே இதைத் தொடங்கிவிடுவது நல்லது.